எறிந்த கொடியை எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதியில் போன மாதம் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி வந்திருந்தது. 'மத்தியஸ்தரின் தீர்ப்பால் ஏற்பட்ட குழப்பம் காரணமாக இறுதிப்போட்டி இடைநிறுத்தப்பட்டது' என்று. அந்த நாலு வரியில் நான் இல்லை. இருந்திருக்க வேண்டும். குளக்கட்டுப் பக்கக் கோட்டில் கொடியோடு நின்ற உதவி மத்தியஸ்தர் நான்தான்.

இரண்டாம் பாதி, ஆட்டம் 1-1. நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. பந்தை அடித்த கணத்தில், முன்னால் நின்ற பொடியன் கடைசிப் பின்கள வீரரைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே நின்றான். ஓஃப்சைட். கொடியை உயர்த்தினேன். மத்தியஸ்தர் பந்தையே பார்த்து ஓடியதால் என்னைக் காணவில்லை. பந்து வலைக்குள் போனதும் விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் 'கோல்' என்று இழுத்த இழுவை முடிய முன்னமே பாதிச் சனம் மைதானத்துக்குள். அப்போதுதான் அவர் திரும்பி என் கொடியைக் கண்டார். அவர் கண்டதை நானும் கண்டேன். ஐந்தாறு வினாடி ஆளையாள் பார்த்தபடி நின்றோம். பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொடியை இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை. கதிரைகள் பறந்தன, அவருடைய சேட்டைக் கிழித்தார்கள், அவ்வளவு சொன்னால் போதும்.

அன்றிரவு அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் பஸ் தரிப்பிடத்தில் விட்டேன். 28 வயதுப் பொடியன், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அன்று அவருக்குக் கிடைத்தது பஸ் காசும் ஒரு சோற்றுப் பார்சலும். பார்சலைப் பிரிக்கவுமில்லை. "கொடியைக் கண்டனான் ஐயா. ஆனா விசில் ஊதியாச்சு. மாத்தினா வாய் மாறினவன் எண்டு சொல்லுவாங்கள். அதுக்கும் அடிதானே?" என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கும் வரைக்கும் மத்தியஸ்தர் தன் தீர்ப்பை மாற்றலாம் என்று உதைபந்தாட்ட விதியிலேயே இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் 30 மீற்றர் நடந்து போய், "தம்பி, ஓஃப்சைட்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நடக்கவில்லை.

இதில் வெட்கப்பட மற்றவர்களைவிட எனக்குத்தான் காரணம் கூட. ஏனென்றால் நடந்து போவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதுவும் வேறொரு நாட்டில், வேறொரு ஆட்டத்தில்.

நான் 2000 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போய் 2019 இல் ஊர் திரும்பியவன். இருந்தது லெஸ்டர் நகரத்தில். (எங்கள் சனத்துக்கு லெஸ்டரும் லண்டன்தான், கிளாஸ்கோவும் லண்டன்தான்.) இரவில் பாண் தொழிற்சாலை வேலை. மகன் பல்கலைக்கழகம் போனதும் அமெரிக்கன் உதைபந்தாட்ட அணியில் சேர்ந்தான். பெயர்தான் உதைபந்தாட்டம், உதைப்பது அபூர்வம். பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள், எதிர்ப்பக்கத்தான் கட்டிப்பிடித்து விழுத்துவான். நாலு தடவைக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு தடவை, இல்லையென்றால் பந்து மற்றப் பக்கத்துக்கு. பிரித்தானியாவில் இந்த ஆட்டம் பரவியது 1982 இல் சனல் 4 தொலைக்காட்சி அதைக் காட்டத் தொடங்கியதற்குப் பிறகு. ஆம், எங்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்த அதே சனல் 4. இன்றைக்கும் அங்கே அது காசு கிடைக்காத ஆட்டம்தான். ஆடுகிறவனே சந்தா கட்டி, தலைக்கவசம் வாங்கி, பஸ்ஸுக்கும் காசு போட்டு ஆடுவான்.

அந்த 10 யாரை அளப்பதற்குக் கோட்டோரம் இரண்டு கம்பமும் இடையில் ஒரு சங்கிலியும் இருக்கும். சங்கிலி பிடிக்க ஆள் கொடுப்பது சொந்த மைதானத்து அணியின் பொறுப்பு. ஒரு ஜனவரி மாத ஞாயிறு, மழை பக்கவாட்டில் அடிக்கிறது, ஆள் போதவில்லை. வேடிக்கை பார்க்கப் போன என் கையில் கம்பத்தைத் தந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி பிரித்த காலத்தில் என் தகப்பனார் நில அளவையாளருக்கு 66 அடிச் சங்கிலி பிடித்தவர். சங்கிலி எங்கள் பரம்பரைத் தொழில் போலும். அதிலும் ஒரு வேடிக்கை: ஏழெட்டுப் பேர் கிடக்கும் குவியலைப் பிரித்தெடுத்து, பந்து ஏறக்குறைய இங்கேதான் நின்றது என்று கண்ணால் மதித்து வைப்பார்கள். பிறகு அதைச் சங்கிலி போட்டு அங்குலக் கணக்கில் அளப்பார்கள். என் தகப்பனார் கண்டிருந்தால் தலையில் அடித்திருப்பார்.

கோட்டோரத்தில் சங்கிலிக்காரர்களை மேய்த்தவர் ஹெட் லைன்ஸ்மன் என்ற நடுவர். அவர்தான் என்னைப் பிடித்தார். "உனக்குக் கண் நன்றாக இருக்கிறது, நடுவருக்குப் படி" என்றார். அங்கே நடுவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, பாஃப்ரா என்பார்கள். வகுப்பு வைத்து, பரீட்சை வைத்து, கறுப்பு வெள்ளை வரிச்சட்டை போடவைத்துத்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். விதிகள் அமெரிக்கக் கல்லூரி ஆட்ட விதிகளை ஒட்டியவை, புத்தகம் செங்கல் மாதிரி. பாண் தொழிற்சாலை இடைவேளையில் இரவு 2 மணிக்கு அதை வைத்துப் படித்தேன். கிடைக்கும் காசு பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. மூன்று பேர் ஒரு காரில் போவோம்.

எட்டு நடுவர்கள் வரை நிற்கக்கூடிய ஆட்டம் அது. எங்களுக்கு நாலைந்து பேர் வந்தாலே பெரிய காரியம். வெள்ளைத் தொப்பிக்காரர் தலைமை நடுவர், மற்றவர்களுக்குக் கறுப்புத் தொப்பி. ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே உடைமாற்றும் அறையில் இருந்து, யார் யாரைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் பந்து எழும்ப முன் ஆட்களை எண்ணி, பதினொரு பேர் சரி என்றால் கைவிரல்களை மடக்கி ஒருவருக்கொருவர் காட்டுவோம். எத்தனையாவது தடவை என்பது மறந்துபோகும் என்பதால் விரலில் ஒரு இலாஸ்ரிக் வளையம். முதல் தடவைக்குச் சுட்டுவிரல், இரண்டாவதுக்கு நடுவிரல், இப்படியே மாற்றிக்கொண்டு போவோம். இதெல்லாம் மனிதன் மறப்பான், பிழை விடுவான் என்று முதலே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு.

இடுப்பில் ஒரு மஞ்சள் துணி செருகியிருப்போம். அதுதான் கொடி. தப்பாட்டம் கண்டால் எறிய வேண்டும். காற்றில் போகாமல் இருக்க மூலையில் பாரம் வைத்துக் கட்டியிருக்கும். எனக்கு இரண்டாவது கொடி தேவைப்பட்டபோது என் மனுசி மஞ்சள் துணியில் ஒரு பிடி பயறு வைத்துத் தைத்துத் தந்தா. மழை ஆட்டம் ஒன்று முடிந்து வந்து பையை ஹீற்றருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நாலாம் நாள் திறந்தால் கொடி முளைவிட்டிருந்தது.

அந்தக் கொடியால் நான் படித்த பாடம் ஒன்று. பந்தை வாங்க ஓடுகிறவனின் கையை, பந்து வந்து சேர முன்னமே ஒருவன் பிடித்து இழுத்தான். என் கண்ணுக்கு முன்னால், ஏழு எட்டு யார் தூரத்தில். கொடியை எறிந்தேன். 15 யார் தண்டனை, ஐயமே இல்லை. கோட்டோரத்தில் ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் கூச்சல். வெள்ளைத் தொப்பிக்காரர் என்னைக் கூப்பிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ கண்டது சரி. ஆனால் பந்தை எறிந்த இடத்திலேயே அது ஒருவனின் விரலில் பட்டுவிட்டது. நான் கண்டேன்." பந்து ஒருமுறை யாரிலாவது பட்டுவிட்டால் அந்தத் தப்பாட்டம் தப்பாட்டமே இல்லை என்பது விதி. நான் கண்டது பொய்யல்ல. நான் காணாத ஒன்று 20 யாருக்கு அப்பால் நடந்திருந்தது, அவ்வளவுதான். "போய் உன் கொடியை எடு" என்றார். கைதட்டிய அதே சனத்துக்கு முன்னால் நடந்து போய், குனிந்து, சேற்றிலிருந்து கொடியை எடுத்து இடுப்பில் செருகினேன். அவர் தப்பாட்டம் இல்லை என்று கையைக் காட்டினார். மகனின் பயிற்சியாளர் ஏதோ கத்தினார். 25 வினாடியில் அடுத்த தடவை தொடங்கிவிட்டது.

விசில் அப்படியல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பெரிய சூரன் என்று நினைப்பீர்கள். இன்னொரு நாள், பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டி ஒருவன் ஒளித்துவிட்டான். வெறுங்கையோடு ஓடியவனை மற்றவர்கள் விழுத்த, பந்தோடு விழுந்தான் என்று நம்பி விசிலை ஊதினேன். நிமிர்ந்தால் பந்து வைத்திருந்தவன் மறுபக்கத்தால் தனியே எல்லைக் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான். பிழையாக ஊதினாலும் விசில் விசில்தான், அந்தக் கணத்தோடு பந்து செத்தது. தலைமை நடுவர் பயிற்சியாளரிடம் போய் ஒளிக்காமல் சொன்னார்: "எங்கள் ஆளின் பிழை. பந்து நின்ற இடத்திலிருந்து ஆடுகிறீர்களா, இந்தத் தடவையைத் திரும்ப ஆடுகிறீர்களா?" திரும்ப ஆடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 6 புள்ளியால் தோற்றார்கள். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுண், அதற்கு 6 புள்ளி. பயிற்சியாளர் எனக்குக் கைகொடுக்காமல் போனார், அது அவருடைய உரிமை. காரில் வரும்போது தலைமை நடுவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பந்தைக் கண்டுதான் ஊதினாயா?"

அங்கே எல்லாரும் புத்தர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காது கூசுகிற வார்த்தை அங்கேயும் உண்டு. எல்லை மீறினால் அதற்கும் 15 யார். சனத்தை ஆடுகளத்துக் கோட்டிலிருந்து தள்ளித்தான் நிறுத்துவார்கள். நாங்கள் மோட்டார் சைக்கிளைக் கோட்டின் மேலேயே நிறுத்தி, அதன் மேல் ஏறி இருந்து பார்க்கிறோம். உதவி மத்தியஸ்தர் ஓட இடமில்லாமல் சைலன்சரில் கால் சுட்டுக்கொள்கிறார். என் வலது கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

கழகங்களிடம் நான் கேட்பது பெரிய விசயமில்லை. மூன்று மத்தியஸ்தரையும் ஒரு மணித்தியாலம் முன்னமே கூப்பிட்டு ஒன்றாக இருத்துங்கள். இப்போது நடுவர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார், கோட்டுக்காரர்களை மைதானத்தில் நிற்கும் கூட்டத்திலிருந்து பிடிக்கிறார்கள். அநேகமாக ஒருவன் இந்தக் கழகம், மற்றவன் அந்தக் கழகம். பிறகு நடுவர் அவர்களின் கொடியை எப்படி நம்புவார்? கோல் விழுந்ததும் நடுவர் இரண்டு கோட்டுக்காரர்களையும் ஒருமுறை பார்க்கட்டும், தேவையென்றால் போய்க் கதைக்கட்டும். அந்த அரை நிமிடம் ஒலிபெருக்கி வாயை மூடட்டும். சனத்தைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தக் கயிறு கட்டும் செலவை நான் தருகிறேன்.

அந்த ஆசிரியத் தம்பி அடுத்த சுற்றுப்போட்டிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. அவரிடம் போய்ப் பேசினேன். கொடியை இறக்கியது என் பிழை என்று சொன்னேன். அவர் பிளேன்ரீ தந்தார், அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பும்போது படலையடியில் மட்டும், "அந்தப் பயறு முளைச்ச கதை உண்மைதானா ஐயா?" என்று கேட்டார்.

வருகிற போயா விடுமுறை நாளில் காலை 8 மணிக்கு ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் மத்தியஸ்தராக விரும்புகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறேன். உதைபந்தாட்ட விதிகள்தான், பயப்பட வேண்டாம், அமெரிக்கன் ஆட்டம் இல்லை. பெண்பிள்ளைகளும் வரலாம். கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். கொடி நான் தருவேன், சாப்பாடு வீட்டில். விசில் மட்டும் அவரவர் வாங்கி வரவேண்டும், ஒருவர் வாய் வைத்ததை மற்றவருக்குக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
குளக்கட்டுப் பக்கக் கோட்டுக்காரன்,
ஒட்டுசுட்டான்.