ஐயாவின் தாள்கள்

அன்பு மகளுக்கு,

உன் ஆசிரியர் ஐயாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு நினைவு மலராக ஒரு புத்தகம் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். உன்னை ஆளாக்கியவருக்கு அவர் மாணவர்களான நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய காரியம். ஆனால் கட்டுரை கேட்டு எல்லாருக்கும் சொல்லி அனுப்புமுன், தஞ்சாவூரில் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும் தாள்களைப் பாருங்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் நம் பக்கத்துச் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். புரட்டாசிக்குள் இந்த வேலை முடிய வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் போனில் படம் எடுத்துக்கொள். எந்த நோட்டுக்குள் எந்தப் பத்திரிகை நறுக்கு இருக்கிறது என்பதும் அவர் யோசித்த விதத்தைச் சொல்லும். சுத்தம் செய்கிறேன் என்று கலைத்துவிட்டால் அது திரும்ப வராது. பிறகு கட்டுக் கட்டாக எண் போடு, பென்சிலால் மட்டும். ஈரம் பட்டால் பேனா மை ஊறிப் பரவும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதே, தாளோடு கிழியும். அடியில் ஒரு மெல்லிய அட்டையை நுழைத்து மெதுவாகத் தளர்த்து. ரப்பர் பேண்டு உருகித் தாளில் ஒட்டியிருந்தால் தானாக உதிர்வதை மட்டும் எடு. கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகிக் கறை விடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்தாலே போதும். யாராவது லேமினேஷன் என்று ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடு. அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது. நமுத்த தாளை வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்து.

கட்டி வைக்க பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே வேர்க்கும். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்று. கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குச் செய்வதுபோல் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சாகத் தட்டுக்கு ஒன்று வை. வாசம் குறைந்ததும் மாற்ற வேண்டும்.

ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), புகைப்படத்துக்கு 600. கறுப்பு வெள்ளையில் எடுக்காதே. ஓரத்தில் அவர் பென்சிலில் எழுதிய குறிப்பெல்லாம் மங்கிப்போகும், நமக்கு வேண்டியதே அதுதான். மூன்று பிரதி வை, ஒன்று வெளியூரில் இருக்கட்டும். பழைய கேசட் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்காதே. நாடா விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் கருவிக்கும் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிடு, தவறியும் அதன்மேல் பதிவாகாது.

அடுத்தது மனிதர்கள், அதாவது ஐயாவைப் பற்றி அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு எழுதுவது. அதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். உ.வே.சா. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தது 1871-ல். பிள்ளையவர்கள் மறைந்தது 1876-ல். அவர் சரித்திரத்தை உ.வே.சா. இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934-ல். ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்தும் எந்த நூலை யாருக்குப் பாடம் சொன்னார், யாருக்கு என்ன கடிதம் எழுதினார் என்பதெல்லாம் அதில் நிற்கின்றன. அதனால்தான் அந்த ஆசிரியரை இன்றைக்கும் நம்மால் பார்க்க முடிகிறது. உங்கள் மலரிலும் ஐயா அப்படித் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

"ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லாரும் எளிமையானவர், அன்பானவர் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. முதல் வகுப்பில் எந்தப் பாட்டை எடுத்தார், ஆய்வேட்டில் எதை அடித்தார், பக்கத்தில் என்ன எழுதினார், பதில் தெரியாமல் நின்றவரிடம் என்ன சொன்னார் என்று கேள். வயதில் மூத்தவர்களிடம் முதலில் போ. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுகிறவருக்கு ஒரு முழத்துக்குள் வை. அவர் பேசிய பேச்சை அப்படியே எழுது. மேடைத் தமிழாக மாற்றாதே.

மூலத் தாள் எதுவும் அந்த வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால், எண் போட்ட பட்டியல் இரண்டு எழுதி, ஒன்றில் கையெழுத்திட்டு ஐயாவின் துணைவியாரிடம் கொடு. வசம்பும் கருஞ்சீரகமும் இங்கே நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா
கும்பகோணம்