கேபினட்டின் திருகுப் பையும் கையேட்டுத் தவறும் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கையேட்டில் திருகுகள் தவறாகக் குறிப்பிடப்பட்டதால் ஏற்பட்ட சேதம், மாற்றுப் பொருளும் திருத்தமும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ் கேபினட் (ஏடிஎக்ஸ் என்ற அளவு வரையறைப்படி அமைந்த கணினிப் பெட்டி) ஒன்றை வாங்கி, அதில் மேசைக் கணினி ஒன்றை நானே பூட்டினேன். கேபினட்டின் தகட்டிலோ வண்ணப்பூச்சிலோ எனக்குக் குறை ஏதும் இல்லை. அதனுடன் வந்த திருகுப் பையும், எந்தத் திருகு எந்த இடத்துக்கு உரியது என்று விளக்கும் கையேட்டுப் பக்கமுமே என் புகாருக்குக் காரணம். அந்தப் பக்கத்தில் உள்ள தவற்றால் தரவைச் சேமிக்கும் என் எஸ்எஸ்டியின் திருகுத் துளையில் மரை (திருகைப் பிடித்துக்கொள்ளும் சுருள் வரி) அழிந்துவிட்டது. இதைத் தங்கள் சேவைப் பிரிவுக்கு முன்பே தெரிவித்தும் பொறுப்பேற்க மறுத்துவிட்டதால், முழு விவரத்தையும் எழுத்து வடிவில் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

பவர் சப்ளைக்கும், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கும், விரிவாக்க அட்டைகளுக்கும், மதர்போர்டுக்கும் உரிய எல்லாத் திருகுகளும் ஒரே பிளாஸ்டிக் பையில் கலந்து போடப்பட்டிருந்தன. பையின் மீது எந்தக் குறிப்பும் இல்லை. கையேடு அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருக்கிறது. ஆனால் விட்டம், நீளம், மரையின் வகை ஆகிய மூன்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை. படங்களும் உண்மையான அளவில் வரையப்படாததால், திருகைத் தாளின் மீது வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழியும் அடைபட்டுப் போகிறது. காற்றாடிகளுக்கான தடித்த திருகின் படம் மட்டும் தெளிவாக இருக்கிறது. யாரும் வேறொன்றாக எண்ண வாய்ப்பே இல்லாத திருகும் அது ஒன்றுதான்.

கணினிக்குள் பெரும்பாலும் பயன்படுபவை 6-32 என்றும் எம்3 என்றும் வழங்கும் இரண்டு வகைத் திருகுகள் என்பதைத் தங்கள் பொறியாளர்கள் அறிவார்கள். முதலாவது சுமார் 3.5 மி.மீ. விட்டமும் அங்குலத்துக்கு 32 மரைகளும் கொண்டது. இரண்டாவது 3 மி.மீ. விட்டமும், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 0.5 மி.மீ. இடைவெளியும் கொண்டது. கால் அங்குல நீளத்தில் முன்னதில் 8 மரைகளும், பின்னதில் ஏறத்தாழ 13 மரைகளும் இருக்கும். அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். கலந்து கிடக்கும் குவியலில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்து, தலை இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்போது, இன்னதென்று உறுதியாகச் சொல்வது எளிதன்று.

3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 திருகும், 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3 திருகும் பொருத்தப்படுவது வழக்கம். ஆனால் தங்கள் கையேடு இரண்டுக்கும் திருகு பி என்றே கூறுகிறது. பையில் அந்தப் படத்துடன் பொருந்தியது 6-32 திருகு மட்டுமே. ‘புதிய துளைகளில் முதல் முறை இறுக்கம் இருக்கலாம், சற்று அழுத்தித் திருப்பவும்’ என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது. வண்ணம் பூசிய எஃகுத் தகட்டுத் துளைக்கு இந்த அறிவுரை சரியாக இருக்கலாம். எஸ்எஸ்டியின் மென்மையான அலுமினியக் கூட்டுக்கு இதைவிடக் கேடான அறிவுரை இருக்க முடியாது. கையேடு சொன்னபடி செய்ததில் மரை முற்றிலும் சிதைந்தது. இப்போது சரியான எம்3 திருகும் அதில் பிடிப்பதில்லை. எஸ்எஸ்டி தயாரிப்பாளரோ, வெளிக்கூட்டில் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று தெரிவித்துவிட்டார்.

மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபுகளிலும் (தகட்டில் பூட்டப்படும் சிறு தூண்கள்) இதே குழப்பம் நிலவுகிறது. தகட்டில் முன்பே பொருத்தப்பட்டிருந்தவற்றின் உள்மரை 6-32 வகை. பையில் கூடுதலாக வந்தவற்றுள் சிலவற்றில் எம்3. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. 6-32 உள்மரையில் எம்3 திருகு பிடிப்பின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எம்3 உள்மரையிலோ 6-32 திருகு பாதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு அதைக் கழற்ற முயன்றால் ஸ்டாண்ட்ஆஃபும் சேர்ந்து தகட்டிலிருந்து கழன்று வரும். அவ்வாறு கழன்ற பித்தளைத் துண்டு மதர்போர்டின் அடிப்புறச் சாலிடர் முனைகளில் பட்டால் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படக்கூடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மதர்போர்டின் துளைகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதை 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறையே வகுத்துவிட்டது. ஸ்டாண்ட்ஆஃபின் உள்ளே எந்த மரை இருக்க வேண்டும் என்பதோ கேபினட் தயாரிப்பாளரின் தேர்வு. ஆகவே அதை வாங்குபவருக்குத் தெரிவிக்கும் கடமையும் தயாரிப்பாளரையே சாரும்.

சேவைப் பிரிவினர் அனுப்பிய பதிலில், கணினி பூட்டிப் பழகியவர்களுக்குத் திருகுகளை இனம் காணத் தெரியும் என்றும், கையேடு பொதுவான வழிகாட்டி மட்டுமே என்றும் கூறியிருக்கிறார்கள். பழகியவர்களுக்குக் கையேடே தேவையில்லை என்றால், புதியவர்களுக்காக அச்சிட்ட பக்கத்தில் தவறு இருக்கலாம் என்று பொருளா? அதே பதிலில் வேறொரு திருகுப் பையை இலவசமாக அனுப்புவதாகவும் தெரிவித்திருந்தார்கள். வந்து சேர்ந்த பையும் அதேபோல் குறிப்பேதும் இல்லாமல், எல்லாம் கலந்தே இருந்தது.

எனவே, சேதமடைந்த எஸ்எஸ்டிக்குப் பதிலாக அதே கொள்ளளவுள்ள புதியதொன்றையோ அதற்குரிய தொகையையோ எனக்கு வழங்குமாறு கோருகிறேன். ஸ்டாண்ட்ஆஃபுகள் முழுவதையும் ஒரே உள்மரை கொண்டவையாக, அவற்றுக்குப் பொருந்தும் திருகுகளுடன் மாற்றித் தரவும் வேண்டுகிறேன். எஸ்எஸ்டிக்குத் திருகு பி என்று கூறும் வரி உடனடியாகத் திருத்தப்பட வேண்டும். இந்தக் கேபினட்டை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அத்திருத்தம் தெரிவிக்கப்பட வேண்டும். இனி வரும் கையேடுகளில் ஒவ்வொரு திருகின் மரை வகையும் நீளமும் அச்சிடப்பட்டு, படம் உண்மையான அளவில் இருப்பது அவசியம். நீளத்தைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: அளவுக்கு மீறி உள்ளே நுழையும் திருகு ஹார்ட் டிஸ்க்கின் உட்பாகங்களைச் சேதப்படுத்தக்கூடும். வகைக்கு ஒரு சிறு பை, அதன் மேல் ஒரு சீட்டு என்பது கேபினட்டின் விலையை உயர்த்தும் அளவுக்குப் பெரிய செலவாக எனக்குத் தோன்றவில்லை.

கையேட்டுப் பக்கத்தின் நகல், சிதைந்த துளையின் ஒளிப்படங்கள், இரு வகை ஸ்டாண்ட்ஆஃபுகளையும் அளவிட்ட விவரம், கொள்முதல் ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். எஸ்எஸ்டியையும் இரண்டு திருகுப் பைகளையும் நேரில் ஆய்வு செய்ய விரும்பினால், அனுப்பும் செலவைத் தங்கள் நிறுவனம் ஏற்கும் பட்சத்தில் அவற்றை அனுப்பிவைக்கிறேன். தங்கள் பதிலை எழுத்து வடிவிலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்