ஹெல்லன்டால் மலைப்பாதையும் நம் தலைக்கு மேலுள்ள மின்கம்பியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜெர்மனியின் கருங்காட்டு மலை ரயில்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஃப்ரைபுர்க் நகரிலிருந்து மலையேறும் ஹெல்லன்டால் பாதையின் காடுகளையும் சுரங்கங்களையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருக்கிறார். ஆனால் ரயில்வே மின் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு, அந்தப் பாதை உலக ரயில்வேக்குச் செய்த மிகப் பெரிய காரியம், அதாவது ஊருக்குப் போகும் மின்சாரத்திலேயே ரயிலை ஓட்டிப் பார்த்த சோதனை, ஒரு வரியில்கூட இடம்பெறவில்லையே என்பது பெரும் குறையாகப் பட்டது.

முதலில் அந்த ஏற்றத்தைச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள நிலையத்தின் பெயர் ஹிம்மல்ரைக். விண்ணுலகம் என்று பொருள். அதைத் தாண்டியதும் ரயில் நுழைவது ஹெல்லன்டால், அதாவது நரகப் பள்ளத்தாக்கு. ஃப்ரைபுர்க்கிலிருந்து ஹின்டர்ட்சார்ட்டன் வரை சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ரயில் 600 மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். ஓஃபன்புர்க்கிலிருந்து செல்லும் கருங்காட்டுப் பாதையில் மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்து ஏற்றத்தைக் குறைத்த அதே ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர்தான் இதையும் திட்டமிட்டார். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு அப்படி வளைப்பதற்கு இடம் தராத அளவுக்குக் குறுகலானது. எனவே 1887-இல் நாய்ஷ்டாட் வரை பாதை திறக்கப்பட்டபோது, 1000 மீட்டருக்குச் சுமார் 55 மீட்டர் உயரும் கடும் ஏற்றப் பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பொருத்தி, பற்சக்கரம் கொண்ட என்ஜின்களால் ரயிலை ஏற்றினார்கள். அதைப் பார்க்க கெர்விக் இல்லை, 1885-இலேயே இறந்துவிட்டார். 1930களின் தொடக்கத்தில் ஹென்ஷல் நிறுவனம் செய்து கொடுத்த 85 வகைக் கனரக நீராவி என்ஜின்கள் பத்தும் வந்து சேர்ந்த பிறகு, 1933-இல் பற்சட்டம் தேவையற்றுப் போயிற்று.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். ஜெர்மன் ரயில்வேயின் மேல்நிலைக் கம்பியில் அன்றும் இன்றும் ஓடுவது 15,000 வோல்ட் மின்சாரம். அதன் அதிர்வெண், அதாவது நொடிக்கு அது எத்தனை முறை திசை மாறி மீள்கிறது என்ற கணக்கு, அன்று 16⅔ ஹெர்ட்ஸ், இன்று 16.7 ஹெர்ட்ஸ். வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வருவது 50 ஹெர்ட்ஸ் என்றிருக்க, ரயிலுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி வழக்கம் என்றால், அந்தக் காலத்து ரயில் மோட்டார்களின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கம்யூட்டேட்டரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தாங்க முடியாத அளவுக்குத் தீப்பொறியைக் கிளப்பியது. அதனால் ரயில்வே தனக்கென்று மின் உற்பத்தியையும், தனக்கென்று மின்வழித்தடங்களையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊருக்குப் போகும் மின்சாரத்தையே ரயிலுக்கும் எடுத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு செலவு மிஞ்சும்! அதைச் சோதிக்க 1936-இல் தேர்ந்தெடுத்த இடம்தான் ஹெல்லன்டால். நாய்ஷ்டாட் வரையுள்ள முதன்மைப் பாதையிலும், டிடிஸேயிலிருந்து ஸேபுருக் செல்லும் கிளைப் பாதையிலும் 20,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாய்ந்தது. ஏ.இ.ஜி., பிரவுன் போவெரி, ஸீமென்ஸ், க்ருப் என்று நான்கு நிறுவனங்கள் ஆளுக்கொரு என்ஜினைக் கொடுத்தன. இரண்டில் பாதரச ஆவிக் கருவி மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கியது. ஒன்று 50 ஹெர்ட்ஸையே நேரடியாக மோட்டாருக்குக் கொடுத்தது. இன்னொன்று அதை மூன்று கட்ட மின்சாரமாக மாற்றிக்கொண்டது. ஹங்கேரியில் கால்மான் காண்டோ என்ற பொறியாளரின் முறையில் 1930களின் தொடக்கத்திலேயே 50 ஹெர்ட்ஸில் ரயில் ஓடியது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் வெவ்வேறு வழிகளை ஒரே கடும் ஏற்றத்தில் அன்றாடப் போக்குவரத்துக்கு நடுவே ஒப்பிட்டுப் பார்த்ததுதான் ஹெல்லன்டாலின் தனிச் சிறப்பு என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தப் பகுதி பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்தது. பிரெஞ்சு ரயில்வேப் பொறியாளர்கள் இந்தப் பாதையை நேரில் ஆராய்ந்து, அங்கே கற்றதைக் கொண்டு தங்கள் நாட்டின் ஸவ்வா பகுதியில் சோதனையைத் தொடர்ந்து, 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். 1950களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு தேர்ந்தெடுத்ததும் அதே முறைதான். 1931 முதல் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் ஓடிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1960களில் இதற்கே மாறியது. நாங்கள் பணியிடத்தில் ஓ.எச்.இ. என்று சொல்லும் அந்த மேல்நிலை மின்கம்பிக்குக் கீழே வாழ்நாளைக் கழித்த எனக்கு, அதன் பூர்வீகத்தில் ஒரு பங்கு கருங்காட்டில் இருக்கிறது என்று தெரிந்த நாளில் ஏற்பட்ட நெகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இத்தனைக்கும் அந்தப் புதுமை ஹெல்லன்டாலிலேயே நிலைக்கவில்லை. ரைன் சமவெளியின் முதன்மைப் பாதை 1950களில் ஜெர்மனியின் வழக்கமான 15,000 வோல்ட்டில் மின்மயமானதால், ஃப்ரைபுர்க் நிலையத்தில் இருவகைக் கம்பிகள் சந்திக்கும் சங்கடம் உண்டாயிற்று. 1960-இல் மலைப்பாதையையும் நாட்டின் பொது முறைக்கே மாற்றிவிட்டார்கள். நிர்வாகத்தின் கண்ணில் அது சரியான முடிவுதான். ஆனாலும் படிக்கும்போது மனம் கனக்கிறது. நாய்ஷ்டாட்டுக்குக் கிழக்கே டோனாவெஷிங்கன் வரையிலான, 1901-இல் திறந்த பகுதிக்கு மின்கம்பி வந்ததோ 2019-இல்தான்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு பிழை. ரவென்னா ஓடையின் மேல் நிற்கும் ஒன்பது வளைவுக் கல்பாலத்தை 1887-ஆம் ஆண்டுப் பாலம் என்று குறித்திருக்கிறீர்கள். முதலில் இருந்தது இரும்புப் பாலம். படத்திலுள்ள, 36 மீட்டர் உயரமும் 224 மீட்டர் நீளமும் கொண்ட கல்பாலம் 1927-இல் முடிந்தது. அதிலும் ஒரு பகுதியை 1945-இல் பின்வாங்கிய ஜெர்மன் படையே வெடிவைத்துத் தகர்த்ததால், போருக்குப் பின் எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே மின் பிரிவு ஊழியர்,
அரக்கோணம்.