ஜார்ஜியா வருமான வரியை ஒழிக்கச் சொல்லும் நண்பர்களுக்கு

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, கம்மிங், ஜான்ஸ் க்ரீக் பக்கத்துத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மத்திய அரசுக்குக் கட்டுவது போக ஜார்ஜியா தனியாகப் பிடிக்கும் மாநில வருமான வரியை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நம் மாநிலத் துணை ஆளுநர் பர்ட் ஜோன்ஸ் பேச ஆரம்பித்ததிலிருந்து நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே கைதட்டல். டெக்சாஸ்காரனுக்கு இல்லை, ஃப்ளோரிடாக்காரனுக்கு இல்லை, பக்கத்து டென்னசிக்காரனுக்கும் இல்லை, நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2025 கணக்குக்கு ஜார்ஜியாவில் 5.19 சதவீதம். கழிவெல்லாம் போக ஒரு லட்சம் டாலருக்கு வரி கட்டுகிறவருக்கு இது போனால் 5,190 டாலர் மிச்சம், குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர டிக்கெட் எடுக்கலாம். எனக்கு மட்டும் கசக்கவா செய்யும்?

ஆனால் நான் ஆறு வருடம் டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருந்துவிட்டு வந்தவன். தனிநபர் வருமான வரியே கூடாது என்று 2019-இல் ஓட்டெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த மாநிலம் அது. முதல் மாதச் சம்பளச் சீட்டில் மாநிலப் பிடித்தமே இல்லாததைப் பார்த்து, வீட்டில் பாயசம் வைக்காத குறை. அப்புறம் வீடு வாங்கினோம். அங்கே வீட்டின் மதிப்பை வைத்து வருடாவருடம் வீட்டு வரி. ஏப்ரல் வந்தால் அந்த மதிப்பை ஏற்றிப்போட்டு ஒரு கடிதம் வரும், மே 15-க்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். வாசலில் விரிசல் விட்ட சிமெண்ட் தரை, ஆலங்கட்டி மழையில் அடிவாங்கிய கூரை என்று சொந்த வீட்டின் குறைகளை நாமே போட்டோ பிடித்துக்கொண்டு போய், இது ஒன்றுக்கும் உதவாத வீடு சார் என்று வாதாட வேண்டும், சொந்த மாட்டை நொண்டி என்று நாமே சொல்வது போல. அப்படியும் பள்ளிக்கூடம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நகராட்சி எல்லாவற்றுக்குமான வீட்டு வரி சேர்த்து வருடத்துக்கு 9,000 டாலரைத் தாண்டிவிடும். மளிகைச் சாமான் போன்ற சிலது போக, கடையில் வாங்கும் மற்றதுக்கெல்லாம் 8.25 சதவீதம் விற்பனை வரி தனி.

இதில் எனக்கு உறைத்தது தொகை இல்லை. நடுவில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். சம்பளம் நின்றால் வருமான வரியும் தானாக நிற்கும். வீட்டு வரி நிற்காது, வீட்டுக்கடன் தவணையோடு சேர்த்துப் பிடிக்கிற எஸ்க்ரோ கணக்கில் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, நம் கதை இருக்கட்டும். நாம் இட்லி மாவு வாங்கும் கடையில் பில் போடுகிற அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 கணக்குப்படி கணவன் மனைவிக்கு 24,000 டாலர் வரிக் கழிவு, பிள்ளை ஒன்றுக்கு 4,000 என்று இரண்டு பிள்ளைகளுக்கு 8,000. ஆக வருமானம் 32,000 டாலர் வரை அந்தக் குடும்பம் ஜார்ஜியாவுக்கு வருமான வரியே கட்டுவதில்லை. வரியை ஒழித்தால் அவருக்கு மிச்சம் பூஜ்யம். ஈடுகட்ட விற்பனை வரியை ஏற்றினால், பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போது நமக்கும் அவருக்கும் ஒரே கட்டணம். டென்னசியில் மளிகைச் சாமானுக்கே மாநிலம் 4 சதவீதம் பிடிக்கிறது. இங்கே மளிகைக்கு மாநில வரி கிடையாது, உள்ளூர் வரி மட்டும்தான்.

அலாஸ்கா 1980-லேயே ஒழித்ததே என்பீர்கள். அவர்களுக்கு எண்ணெய் இருந்தது. நமக்கு பீச் பழமும் விமான நிலையமும்.

கான்சாஸ் கதையையும் கொஞ்சம் பாருங்கள். 2012-இல் ஆளுநர் பிரவுன்பேக் வரியைப் பெரிதாக வெட்டினார், சிறு தொழில்கள் பலவற்றின் வருமானத்துக்கு வரியே இல்லை என்றார், தொழில் பெருகி வருமானம் தானாக வரும் என்றார். வரவில்லை. பட்ஜெட்டில் ஓட்டை, மாநிலத்தின் கடன் தரம் இறங்கியது, கடைசியில் 2017-இல் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே அவரது வீட்டோவையும் மீறி வரியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மிசிசிப்பி கதை இன்னும் வேடிக்கை. வரியைப் படிப்படியாகக் குறைத்து ஒழிக்க 2025-இல் சட்டம் போட்டார்கள். முதல் சில வருடக் குறைப்புகளுக்கு அப்புறம் வரும் ஒவ்வொரு குறைப்புக்கும் முன்னால், அதற்கு ஆகும் செலவில் 85 சதவீதமாவது உபரி இருக்க வேண்டும் என்பது மேலவையான செனட்டின் எண்ணம். மசோதாவில் 0.85 சதவீதம் என்று விழுந்துவிட்டது. கீழவை அதைக் கவனித்தும் அப்படியே நிறைவேற்றியது, ஆளுநரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு புள்ளி!

ஒழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் பிடிக்க ஃப்ளோரிடாவோடும் டென்னசியோடும் மல்லுக்கட்டுகிற கம்பெனிகளுக்கு இது நிஜமான தொல்லைதான். குறைக்கட்டும், கையில் உபரி இருக்கிற வருடத்தில் இன்னும் குறைக்கட்டும். ஆனால் மாநிலத்தின் வரி வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாநிலப் பணமும் அதில்தான் அடக்கம். நாம் இந்தப் பக்கம் வீடு தேடியதே அந்தப் பள்ளிகளுக்காகத்தானே?

எனக்கு ஓட்டு இல்லை, க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், வரி மட்டும் கட்டுகிறேன். உங்களில் பலருக்கு ஓட்டு இருக்கிறது. ஆதரவு கேட்டு வருகிறவர்களிடம், அந்தப் பாதியை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள், வீட்டு வரியா, விற்பனை வரியா, எத்தனை சதவீதம் என்று எனக்காகவும் சேர்த்துக் கேளுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிடித்துச் சொல்லுங்கள், பையன் வகுப்பு முடிகிற வரை அங்கேதான் நிற்பேன்.