மலேசியக் கிண்ணத்தை நாவலாக்க நினைப்போருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் நாவல் எழுதுவோருக்கும் எழுத்துப் பயிலரங்குகள் நடத்துவோருக்கும் வணக்கம்.

விளையாட்டுப் பகையால் ஊர் இரண்டுபடும் கதை என்றதும் மனம் கபடித் திடலுக்கு ஓடுகிறது. ஓடட்டும். ஆனால் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரு கரையிலும் ஒரே குடும்பத்தைப் பிரித்து உட்கார வைத்த மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி இங்கேயே இருக்கிறது. 1921இல் நடந்த முதல் இறுதியாட்டத்திலேயே சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. நாடு பிரிந்த 1965இலும் கிண்ணம் இங்கேதான் வந்தது. அதன்பின் 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

களமாகச் சிற்றூர் வேண்டுமென்றால் ஜோகூர் மாநிலத்தின் குளுவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 வரை சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே போன ரயில் அங்கே நின்றது. அண்ணன் அங்கே, தம்பி சிங்கப்பூரின் ஈசூனில். எந்த ஆண்டு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள், ஏனென்றால் பகையின் வடிவம் அதைப் பொறுத்தது. ஜோகூர் முதன்முதலாகக் கிண்ணத்தை வென்றது 1985இல். 1980இல் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வீழ்த்தியபோது குளுவாங்கில் சிங்கப்பூருக்காகக் கை தட்டிய அண்ணன், ஐந்தே ஆண்டில் ஜோகூர் கொடியோடு நிற்கலாம். தம்பிக்கு அது துரோகம். அண்ணனுக்கோ சொந்த மாநிலம்.

பெரும்பாலான கைப்பிரதிகள் சறுக்கும் இடம் ஆட்டக் காட்சிதான். கடைசி நிமிடத்தில் நாயகன் தூரத்திலிருந்து உதைத்துக் கோல் போடுவான், ஊர் கொண்டாடும் அல்லது கொதிக்கும். அதில் சண்டைக்கு எங்கே இடம்? சண்டை சந்தேகத்தில்தான் பிறக்கும். சந்தேகமோ அந்தந்த ஆண்டின் விதியில் இருக்கிறது. 1990க்கு முன், கடைசிக்கு முந்தைய தற்காப்பு ஆட்டக்காரருக்கு நேர்கோட்டில் நின்றாலே ஆஃப்சைட், அதாவது பந்து வரும்போது எல்லை மீறி முன்னே நின்ற குற்றம்; இன்று நேர்கோட்டில் நிற்பது குற்றமில்லை. இன்றைய கண்ணோடு 1980 ஆட்டத்தை எழுதினால், சரியாகக் கொடி தூக்கிய துணை நடுவரை அறியாமலே வில்லனாக்கிவிடுவீர்கள். நடுவர் செய்தது சரி என்று வாசகருக்குத் தெரிந்தும் ஊர் பிளவுபடுகிறதென்றால், நாவலுக்கு அதைவிட நல்ல பிளவு எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, 1992 வரை சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பிய பந்தைக் கோல்காப்பாளர் கையில் எடுக்கலாம். முன்னிலையில் இருக்கும் அணி அப்படியே நேரத்தைக் கரைக்கும். விதிப்படி குற்றமில்லை, பார்ப்பவர்களுக்கோ வயிற்றெரிச்சல். கூடுதல் நிமிடங்களைக் காட்டும் பலகை வழக்கத்துக்கு வந்ததும் 90களின் பிற்பகுதியில்தான். அதுவரை ஆட்டம் எப்போது முடியும் என்பது நடுவரின் கைக்கடிகாரத்துக்கு மட்டுமே தெரியும். 90ஆவது நிமிடத்துக்குப் பின் விழுந்த ஒரு கோலை வைத்துக் காப்பிக்கடையில் ஒரு தலைமுறைக்குச் சண்டை போடலாம்.

துரோகப் பாத்திரத்துக்குக் கற்பனை அதிகம் தேவையில்லை. 1980இல் சிங்கப்பூருக்கு வெற்றிக் கோலைப் போட்ட ஃபாண்டி அகமது பின்னர் கோலாலம்பூருக்கு ஆடினார். 1987, 1988, 1989 என மூன்று ஆண்டும் கிண்ணம் கோலாலம்பூருக்கே. தன் சுவரில் ஒட்டிய படத்தைக் கிழிப்பதா வைத்திருப்பதா என்று தவிக்கும் ஒரு சிறுவன் போதும், முழு அத்தியாயம் கிடைத்துவிடும். உண்மை ஆட்டக்காரரை வசனம் பேச வைக்காதீர்கள், தொலைக்காட்சியில் மட்டும் வரட்டும்.

முடிவை 1994 இறுதியாட்டத்தோடு நிறுத்துவது எளிது. ஷா ஆலமில் சிங்கப்பூர் பாகாங்கை 4-0 என வென்றாயிற்று, சிங்கப்பூர் அணியின் அப்பாஸ் சாட் மூன்று கோல், சுபம். ஆனால் அதையடுத்து நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் தகராறு முற்றி, 1995இல் சிங்கப்பூர் போட்டியிலிருந்தே விலகியது. 1996இல் எட்டுக் குழுக்களோடு எஸ்-லீக் என்ற சிங்கப்பூரின் சொந்தப் போட்டி தொடங்கியது. பகை இருந்தது, எதிரி இல்லை. அண்ணனும் தம்பியும் இனி எதை வைத்துப் பேசாமல் இருப்பார்கள்? கதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கு இதற்கே போக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பயிலரங்கு நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். ஆட்ட அத்தியாயம் எழுதுமுன், அந்த நாளின் தமிழ் முரசை தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் படிக்கச் சொல்லுங்கள். அதே ஆட்டத்தைப் பற்றி மலேசிய நாளிதழ் எழுதியதையும் தேடிப் பக்கத்தில் வைக்கட்டும். கோல் விழுந்த நிமிடம், மாற்று ஆட்டக்காரர், மழை பெய்ததா என்பதைத் தனித்தாளில் குறித்த பிறகே முதல் வாக்கியம்.

இப்படிக்கு,
பழைய ஆட்டக் குறிப்புகளைச் சேகரிக்கும் காற்பந்து வாசகர்கள்