செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பழைய சிபியுவும் நம் படங்களும்

தலைவர் அவர்களே, மூத்த கலைஞர்களே, ஸ்டுடியோ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் புகைப்படக்காரர் சங்கத்தின் வழக்கமான சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தைக் கொண்டாடினோம். அடையாள அட்டை புதுப்பித்தாயிற்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து நண்பர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். தனிக்கிளை வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையை அடுத்த நிர்வாகக் குழு எடுத்துக்கொள்ளும். சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் பேசினால் சண்டையில்தான் முடியும்.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை பேக்கப், அதாவது படங்களுக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைப்பது; பழைய சிபியுவை அதற்குப் பயன்படுத்திய கதையைத்தான் சொல்லப் போகிறேன். குடியாத்தம் உறுப்பினர் ஒருவரின் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் மேசையிலிருந்து விழுந்து, கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் அவர் பல ஆண்டுகளாக எடுத்த படங்களும், ஆல்பம் கொடுக்காத ஒரு கல்யாணமும் சேர்ந்து போயின. பார்ட்டி இன்னமும் சமாதானம் ஆகவில்லை. அதே மாதக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 1981இல் எடுத்த நெகட்டிவ்களைக் கொண்டுவந்து காட்டினார். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்த காலத்துப் படங்கள். இன்றைக்கும் பிரின்ட் போடலாம். டிஜிட்டலுக்கு வந்த நம்மில் பலருக்கு, பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்றே தெரியாது.

கிளவுடில் போடலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்லோடு வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால், 100 ஜிபி ஏற்ற 11 மணி நேரம் ஆகும். வீடியோவும் சேர்ந்தால் ஒரே முகூர்த்தம் 100 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. மாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம் வந்தால் கதை கந்தல். நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியை ரெடிமேடாக வாங்கலாம் என்றால் அதன் விலைக்கு ஒரு லென்ஸ் வாங்கலாம் என்றார் பொருளாளர்.

அந்த நேரத்தில்தான் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடவும் வழியில்லாத பழைய சிபியுக்கள் நம் ஸ்டுடியோக்களில் நிறைய. எடைக்குப் போடக் கிளம்பியவர்களை நிறுத்தி, அவற்றில் ஒன்றை காட்பாடியில் ஓர் உறுப்பினர் வீட்டில் ஃபைல் சர்வராக, அதாவது மற்ற கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாகப் படங்களைப் போட்டு வைக்கும் பெட்டியாக, மாற்றிக் காட்டினோம்.

ஃபைல் சர்வருக்குப் பெரிய பிராசசர் வேண்டாம். ட்ரூநாஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைத்தான் முதலில் யோசித்தோம்; அது குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது. நம் பெட்டியில் 4 ஜிபிதான். அதனால் டெபியன் லினக்ஸில் ஓடும் ஓப்பன்மீடியாவால்ட்டைப் போட்டோம். இதுவும் இலவசம். சிஸ்டத்தைத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி டிஸ்க்கில் வைத்துவிட்டால் படங்களுக்கான டிஸ்க் தனியே நிற்கும். இன்ஸ்டால் ஆன பிறகு மானிட்டர், கீபோர்டு எதுவும் தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரின் பிரௌசரிலிருந்தே எல்லாம் செய்யலாம். சம்பா என்ற ஃபைல் பகிர்வுச் சேவையை ஆன் செய்தால், சர்வர் விண்டோஸில் இன்னொரு டிரைவ் போலத் தெரியும்.

பெட்டி பழசாக இருக்கலாம், டிஸ்க் பழசாக இருக்கக் கூடாது. இதில் பல உறுப்பினர்களோடு எனக்கு இன்னமும் தகராறு. வீட்டில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளை எல்லாம் உள்ளே சொருகி 'எத்தனை டிபி பாருங்க' என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். மிச்சம் பிடித்த காசில் புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே படங்கள் பதியும்படி, போடுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் பெட்டியைத் தொடங்கிவைக்கும் பயாஸின் செட்டிங் எல்லாம் அழிந்து, கரண்ட் போய் வந்ததும் பெட்டி பேந்தப் பேந்த விழிக்கும்.

காப்பி ஆகவே மாட்டேன் என்கிறது என்று முதல் வாரத்திலேயே புகார் வந்தது. காரணம் ரவுட்டர். அதன் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே என்பதால் விநாடிக்கு 11 எம்பி (மெகாபைட்) தான் போகும்; 100 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம். கிகாபிட் (1000 மெகாபிட்) ஸ்விட்ச் ஒன்றும் நல்ல கேட் 5இ நெட்வொர்க் கேபிளும் போட்டதும், டிஸ்க் ஈடுகொடுத்தால், கால் மணி நேரத்தில் முடிகிறது.

கரண்ட் பில்லையும் சொல்லியாக வேண்டும். பழைய பெட்டி சும்மா ஓடினாலே 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் முக்கால்வாசியை இதுவே தின்றுவிடும். ஆகவே ஃபங்ஷன் முடிந்து வந்து ஆன் செய்து, காப்பி ஆனதும் முறையாக ஷட்டவுன் செய்தால் போதும். யுபிஎஸ் கட்டாயம், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டமே கெடலாம். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே மனுஷனே இருக்க முடியாது.

சர்வர் வைத்துவிட்டதால் பேக்கப் முடிந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். மிரரில் ஒரு பக்கம் ஃபைலை அழித்தால் மறு பக்கமும் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் நெட்வொர்க் டிரைவையும் பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது, சம்பா பேசுகிற அதே எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு மொழியின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே அந்தப் பழைய எஸ்எம்பி1ஐ அணைத்து வையுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வாருங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். இந்த 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக், அமெரிக்கர், நம்மைப் போலப் புகைப்படக்காரர். கம்ப்யூட்டர்காரர் சொன்னது என்று ஒதுக்கியவர்களும் அதற்கப்புறம் கொஞ்சம் காது கொடுத்தார்கள். வெளியிடத்துப் பிரதிக்கு ஜோடித் திட்டம் போட்டோம். வேலூர்க்காரர் டிஸ்க் குடியாத்தத்தில், குடியாத்தத்தார் டிஸ்க் வேலூரில். வாலாஜாவும் ஆம்பூரும் அப்படியே. டிஸ்க்கை, பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியாதபடி, என்க்ரிப்ட் செய்துதான் கொடுக்க வேண்டும். பார்ட்டி வீட்டுப் படங்கள் நம்மை நம்பித் தரப்பட்டவை. பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

திட்டம் முழுசாக நடக்கவில்லை. ஆனிக்குப் பிறகு மாற்றிக்கொள்கிறோம் என்றவர்கள் பொங்கல் வரை மாற்றவில்லை. பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை எடுத்துத் திறந்து பார்க்கும் சோதனையையும் பலர் செய்யவே இல்லை. ஜோடி கிடைக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். மூத்த உறுப்பினரின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் செலவைச் சங்கமே ஏற்பது என்ற தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது. அதற்கு முன் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.