நைட் குடும்பத்தின் கொடிவழியை ஒரே தாளில் அச்சிட உதவுங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில விவசாயி நியூட்டன் நைட்டின் குடும்ப வரலாறு அச்சுக்குத் தயார். மெய்ப்பும் பார்த்தாயிற்று. பணம்தான் இடிக்கிறது.

நம் வாசகர் வட்டத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்ட கேள்வியில் தொடங்கியது இந்த வேலை: "சொந்தமாக ஓர் அடிமைகூட இல்லாதவன் எதற்காக அடிமை முறைக்காகச் சண்டைக்குப் போனான்?" நியூட்டன் அப்படிப்பட்டவர். மிசிசிப்பியின் ஜோன்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) அவருடைய தாத்தா பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவர். பேரனுக்கு இருந்ததோ மனைவி செரீனாவும் சிறு நிலமும். 1862இல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது, படைக்குப் போனார். அதே ஆண்டு அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு என்று தென்னக அரசு, அதாவது அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு, சட்டம் போட்டது. சண்டை போட ஏழை, வீட்டிலிருக்கப் பணக்காரனா என்று படைக்குள்ளேயே முணுமுணுப்பு. நியூட்டன் படையிலிருந்து தப்பி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

1863 அக்டோபரில், அவரைப் போலத் தப்பி வந்தவர்கள் கூடி அவரைத் தலைவராக்கினார்கள். சதுப்புக்காட்டில் பதுங்கித் தென்னகப் படையை எதிர்த்தார்கள். அடுத்த வசந்தத்தில் கர்னல் ராபர்ட் லவ்ரி வேட்டை நாய்களோடு வந்து, பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டார். அவரே பிற்பாடு மிசிசிப்பியின் ஆளுநரும் ஆனார்.

இந்த வீரக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்களைப் பிடித்து இழுத்தது அதற்குப் பிந்தைய கதை.

காட்டிலிருந்தவர்களுக்கு உதவியவர்களில் ரேச்சல் ஒருவர். நைட் குடும்பத்தில் அடிமையாக இருந்தவர். போருக்குப் பின் நியூட்டன் அவரோடும் குடும்பம் நடத்தினார், பிள்ளைகளும் பிறந்தார்கள். செரீனாவின் மகன் மேட் ரேச்சலின் மகள் ஃபேனியையும், செரீனாவின் மகள் மாலி ரேச்சலின் மகன் ஜெஃப்ரியையும் மணந்தார்கள். வெள்ளை உறவினர் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நியூட்டன் அசைந்ததாகத் தெரியவில்லை. 1922இல் இறந்தபோது, 1889இல் போய்ச்சேர்ந்த ரேச்சல் கிடக்கும் அதே இடுகாட்டில்தான் அவரையும் புதைத்தார்கள்.

கொடிவழி என்றால் தாத்தா பெயர் தெரிந்துகொள்ளும் விளையாட்டு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். டேவிஸ் நைட்டின் வழக்கைப் படிக்கும்வரை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர் அவர். நியூட்டனுக்கும் ரேச்சலுக்கும் கொள்ளுப்பேரன். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக 1948இல் ஜோன்ஸ் கவுண்டியின் எல்லிஸ்வில் ஊர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அன்றைய மிசிசிப்பிச் சட்டப்படி, எட்டில் ஒரு பங்கு கறுப்பு ரத்தம் இருந்தாலே அந்தத் திருமணம் குற்றம். ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து, 60 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ரேச்சலின் நிறத்தை விசாரித்தது! ஐந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. 1949இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் தப்பு என்று சொல்லி அல்ல. எட்டில் ஒரு பங்கை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி.

குடும்பத்துக்குள்ளேயும் சண்டை ஓயவில்லை. நியூட்டனின் மகன் ஒருவர் அப்பாவை நாயகனாக எழுதினார். உறவுக்காரப் பெண் ஒருவர் 1951இல் துரோகியாக எழுதினார். நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறோம்.

செலவுக்கு வருகிறோம். 300 பிரதிகளுக்கு மொத்தம் ரூ. 1,35,000 ஆகும். கையில் இருப்பது ரூ. 82,500. இன்னும் ரூ. 52,500 வேண்டும். இதில் கொடிவழிக்கான பெரிய மடிப்புத் தாளுக்கு மட்டும் ரூ. 18,000. அதை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்றார் அச்சகத்துக்காரர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போட்டும் பார்த்தோம். செரீனாவின் பிள்ளைகள் இடப்பக்கம், ரேச்சலின் பிள்ளைகள் வலப்பக்கம், அந்த இரண்டு கல்யாணக் கோடுகளும் தையலுக்குள் போய் மறைந்துவிட்டன. குழுவில் ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

எழுதியவர்களுக்கோ வரைந்தவருக்கோ ஊதியம் கிடையாது. ரூ. 100 ஆனாலும் சரி, முடிந்ததைக் கொடுங்கள். ரூ. 500க்கு மேல் தருவோருக்கு ஒரு பிரதி வீடு தேடி வரும். நன்கொடையாளர் பெயர்கள் நூலின் கடைசியில் இடம்பெறும். பெயர் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் பொதுவில் போடவில்லை, பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வாசிக்கப்படும். தொகை சேர்ந்த மறுநாளே மடிப்புத் தாளை முதலில் அச்சுக்கு அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்